லீக் வெற்றியும் கோப்பை வெற்றியும்

லீக் பந்தயத்தில் முதலிடம் பெற்ற கால்பந்துக் குழுவும், கோப்பைப் பந்தயத்தில் இறுதிவரை நின்று வென்ற குழுவும் ஒரு நாள் தம்முள் எதிர்நின்று ஆடும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. இங்கிலாந்தில் அதனைத் தருமக் கேடயப் பந்தயம் என்று நெடுங்காலம் வழங்கினர். இந்தியாவில் 1997ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை சூப்பர் கோப்பை என்னும் பெயரால் அஃது இடைவிட்டு நடைபெற்றது. அத்தகைய பந்தயம் முடிந்த மாலையில், வென்றவரை நோக்கி, இருவருள்ளும் இவரே மேலானவர், ஆண்டின் வழக்கு இன்றோடு தீர்ந்தது என்று மக்கள் கூறுதல் இயல்பு. அவ்வாறு கூறுதல் பொருந்துமா என்பதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். இஃது ஆட்டக்காரர்க்கு மட்டும் உரிய வினாவன்று. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் விடுமுறைதோறும் பந்தயம் நடத்தும் இளைஞர்க்கும், அதற்குப் பணம் திரட்டும் பெரியோர்க்கும், பந்தயம் காணச் செல்லும் நம்மனோர்க்கும் இதில் பங்குண்டு. எவ்வகைப் பந்தயத்தை நாம் விரும்பி நடத்துகின்றோமோ, அவ்வகை ஆட்டக்காரரே நமக்கு வாய்ப்பர் அன்றோ?

முதற்கண் இருவகைப் பந்தயங்களின் இயல்பையும் நமக்குத் தெரிந்த ஊர்களைக் கொண்டே விளக்குவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என வட்டங்கள் நான்கு. அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம் என வட்டங்கள் நான்கு. வட்டத்துக்கு ஒரு குழுவாக எட்டுக் குழுக்கள் உள்ளன என்று கற்பனை செய்துகொள்வோம்.

கோப்பைப் பந்தயமாயின், தோற்றவர் வெளியேறுவர், வென்றவர் மேற்செல்வர். இதனையே நாக்அவுட் என்கின்றோம். எட்டுக் குழுக்களுக்கு எத்தனை ஆட்டங்கள் வேண்டும்? முதற்சுற்றில் நான்கு, அரையிறுதியில் இரண்டு, இறுதியில் ஒன்று, ஆக ஏழு என்று கூட்டிச் சொல்லலாம். கூட்டாமலேயே அறியவும் வழியுண்டு. ஒவ்வோர் ஆட்டமும் ஒரு குழுவை வெளியேற்றுகின்றது. இறுதியில் ஒரு குழுவே எஞ்சவேண்டும். ஆகவே ஏழு குழுக்கள் வெளியேற ஏழு ஆட்டங்கள். நூறு குழுக்கள் வந்தாலும் தொண்ணூற்றொன்பது ஆட்டங்களே. கணக்கில் அச்சமுடைய மாணாக்கரும் இதனை ஒருமுறை கேட்டால் மறவார்.

லீக் பந்தயமாயின், ஒவ்வொரு குழுவும் ஏனைய எல்லாக் குழுக்களோடும் ஆடவேண்டும். எட்டுக் குழுக்களுள் ஒவ்வொன்றும் ஏழு ஆட்டங்கள் ஆடும். எட்டை ஏழால் பெருக்க 56. ஓர் ஆட்டத்தை இரு குழுக்களும் எண்ணியிருத்தலின் அதில் பாதி, 28 ஆட்டங்கள். தத்தம் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் ஆடுவதாயின் 56 ஆட்டங்கள். வெற்றிக்கும் சமநிலைக்கும் புள்ளிகள் இட்டு, முடிவில் மிகுதியான புள்ளி பெற்றவரை முதல்வர் என்பர். முற்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளியே அளித்தனர். சமநிலையில் ஒளிந்துகொள்ளும் குழுக்களைத் தாக்கி ஆடச் செய்யும் பொருட்டு, 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தார் அதனை மூன்றாக்கினர். பின்னர் உலகமும் அவ்வழியே சென்றது.

இவ்விரண்டும் அளப்பது ஒரே பொருளையன்று. லீக் பந்தயம் ஒரு குழுவின் நடுநிலையான ஆற்றலை அளக்கின்றது. மழைநாளில் ஆடியது, வெயில்நாளில் ஆடியது, முதன்மை ஆட்டக்காரன் காய்ச்சலில் படுத்திருந்தபோது மாற்றாள் ஆடியது ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் பதிந்துவிடும். கோப்பைப் பந்தயம் அளப்பது குறித்த நாளில் குறித்த நாழிகையில் தலைநிமிரும் திறத்தை. அங்கே ஒருமுறை வழுக்கினால் மீட்சி இல்லை. ஆண்டு முழுதும் வகுப்பில் பெறும் மதிப்பெண்ணுக்கும், ஒரே நாள் நடைபெறும் நேர்முகத் தேர்வுக்கும் உள்ள வேற்றுமையை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். இரண்டும் வேண்டுவனவே, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

அந்த ஒரு நாளில் தற்செயலுக்கு எவ்வளவு இடமுண்டு என்பதையும் கணக்கால் காண்போம். நம் எட்டுக் குழுக்களுள் ஒன்று ஏனையவற்றைவிடத் தெளிவாக மேலானது என்க. எவரோடு ஆடினும் மூன்றில் இரண்டு முறை அது வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். சமநிலையை எளிமை கருதி விட்டுவிடுவோம். கோப்பை பெற அது தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் வெல்லவேண்டும். மூன்றில் இரண்டை மும்முறை பெருக்க 27இல் 8 ஆகின்றது. ஐயத்துக்கிடமின்றி மேலான குழுவே கோப்பையைக் கொண்டுசெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! ஏனைய 27இல் 19 பங்கு, தகுதியில் தாழ்ந்த ஏழு குழுக்களுள் எதற்கேனும் சேரும்.

கால்பந்தில் இந்நிலை சிறப்பாக உண்டு. சடுகுடுவில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். வலியவன் ஓரிரு முறை பிடிபட்டாலும் பின்னர் ஈடுசெய்துகொள்வான். கால்பந்தில் ஒரு மாலைக்கு இரண்டு அல்லது மூன்று கோலே விழும். ஒன்றுமே விழாமற்போதலும் உண்டு. கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, நடுவர் ஊதாமல் விட்ட ஒரு குழல், கரிசல் தரையின் வெடிப்பில் பட்டுத் திசைமாறிய ஓர் உதை, இவற்றுள் ஒன்றே ஆட்டத்தின் முடிவாகிவிடக்கூடும்.

இனி, லீக் வாகையரும் கோப்பை வாகையரும் மோதும் அந்த ஒரே பந்தயத்தைப் பார்ப்போம். மேற்கூறிய கணக்குப்படி மேலானவர் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, அதாவது 27இல் 18. ஒன்றுக்குப் பதில் மூன்று ஆட்டம் ஆடவைத்து, இரண்டில் வென்றவரை முதல்வர் என்றாலோ, அவ்வாய்ப்பு 27இல் 20 ஆகுமேயன்றி மிகவில்லை. மூன்று மாலைகளே இத்துணைச் சிறிது சொல்லுமாயின், ஒரு மாலை எவ்வளவு சொல்லும்?

கணக்கு மட்டும் போதாதென்பார்க்கு ஒரு மெய்வரலாறு கூறுவோம். 1987-88ஆம் பருவத்தில் இங்கிலாந்தின் முதற்பிரிவு லீகில் லிவர்பூல் குழு 40 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்று, 90 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. அதே பருவத்தில் ஏழாமிடம் பெற்றது விம்பிள்டன் என்னும் குழு. 1977ஆம் ஆண்டில்தான் அது கால்பந்து லீகினுள் நுழைந்தது. முதற்பிரிவை எட்டியது 1986ஆம் ஆண்டில். இவ்விரு குழுக்களும் 1988ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் வெம்பிளி அரங்கில் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சந்தித்தன. விம்பிள்டன் தலையால் முட்டிய ஒரே கோலால் முந்தியது. பின்னர் லிவர்பூலுக்கு ஒரு பெனால்டி உதை கிடைத்தது. அப்பருவத்தில் கோல் மழை பொழிந்த ஜான் ஆல்ட்ரிட்ஜ் உதைத்தார். விம்பிள்டனின் கோல் காவலர் டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்துவிட்டார். வெம்பிளியில் நடந்த கோப்பை இறுதி ஆட்டங்களுள் பெனால்டி உதை தடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. கோப்பை விம்பிள்டனுக்குப் போயிற்று.

மூன்று திங்கள் கழித்து, ஆகஸ்டு 20ஆம் நாள், அதே அரங்கில் அதே இரு குழுக்கள் தருமக் கேடயத்துக்காக எதிர்நின்றன. ஒன்று லீக் வாகையர், மற்றொன்று கோப்பை வாகையர். இம்முறை லிவர்பூல் 2-1 என்ற கணக்கில் வென்றது. அவ்விரு கோல்களையும் அடித்தவர் மே மாதத்தில் பெனால்டியை இழந்த அதே ஆல்ட்ரிட்ஜ். மே மாதத்து மாலை லிவர்பூலைத் தாழ்ந்த குழுவாக்கிற்றா? ஆகஸ்டு மாதத்து மாலை விம்பிள்டனின் கோப்பையைப் பொய்யாக்கிற்றா? இரண்டுமில்லை. நாற்பது ஆட்டங்கள் கூறியது ஒன்று, ஒரு மாலை கூறியது மற்றொன்று. ஆல்ட்ரிட்ஜுக்கு வேண்டுமானால் அந்த ஆகஸ்டு மாலை பெரிதாக இருந்திருக்கும். அதனை நாம் மறுக்கவில்லை.

அங்ஙனமாயின் இப்பந்தயம் எதற்காகத் தோன்றியது என வினவலாம். அதன் பெயரே விடை கூறும். 1908ஆம் ஆண்டில் அஃது ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தாரால் தருமத்துக்கு நிதி திரட்டும் பொருட்டுத் தொடங்கப்பட்டது. முதன்முதலில் ஆடியவர் லீக் வாகையரும் கோப்பை வாகையரும் அல்லர்; லீக் வாகையரான மான்செஸ்டர் யுனைடெட் குழுவினரும், தெற்கு லீக் என்னும் வேறொரு லீகில் வென்ற குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழுவினருமே. முதல் ஆட்டம் 1-1 எனச் சமமாக முடிய, மறு ஆட்டத்தில் மான்செஸ்டர் 4-0 என வென்றது. 1913ஆம் ஆண்டில் கூலிக்கு ஆடுவோர் ஒருபுறமும் பொழுதுபோக்காக ஆடுவோர் மறுபுறமுமாக நின்று ஆடினர். லீக் வாகையரும் கோப்பை வாகையரும் முதன்முறை இதில் சந்தித்தது 1921ஆம் ஆண்டில். அன்று கோப்பை வாகையரான டாட்டன்ஹாம், லீக் வாகையரான பர்ன்லியை 2-0 என வென்றது. 1930ஆம் ஆண்டு முதற்கொண்டே அம்முறை பெரும்பாலும் நிலைத்தது. அதன் பின்னும் விலக்குகள் பல. 1950ஆம் ஆண்டில் உலகக் கோப்பைக்குச் சென்று மீண்ட இங்கிலாந்துக் குழு, கனடாவில் சுற்றுப்பயணம் செய்து மீண்ட குழுவோடு ஆடியது. 1961ஆம் ஆண்டில் டாட்டன்ஹாம் குழு லீக், கோப்பை இரண்டையும் தானே வென்றுவிட்டமையால், சங்கத்தார் தெரிந்தெடுத்த ஆட்டக்காரரைக் கூட்டி அதற்கு எதிரே நிறுத்தினர். ஆண்டின் வழக்கைத் தீர்க்கும் மன்றம் இதுவாயின், வழக்காடுவோரை இப்படி ஆண்டுதோறும் மாற்றுவார்களா?

இன்னொரு சான்று நமக்கு மிக உவப்பானது. 1949ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத், உல்வர்ஹாம்ப்டன் குழுக்கள் 1-1 எனச் சமமாக முடித்தபோது மறு ஆட்டம் வைக்கவில்லை. கேடயம் ஆறு திங்கள் ஒருவரிடமும் ஆறு திங்கள் மற்றவரிடமும் இருக்கட்டும் என்றனர். 1991ஆம் ஆண்டு வரை பன்முறை இவ்வாறே பகிர்ந்துகொண்டனர். வென்றவர் யார் என்பது தலையாய செய்தியாக இருந்திருப்பின், பாதியாகப் பிளப்பதற்கு எவரும் இசையார்.

தருமத்தின் பெயரால் நடந்ததெல்லாம் தருமமாகவே இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1974ஆம் ஆண்டில், சங்கச் செயலாளர் டெட் குரோக்கரின் யோசனைப்படி, இப்பந்தயம் முதன்முறையாக வெம்பிளி அரங்கில் நடந்தது. அன்று லீட்ஸ் குழுவின் பில்லி பிரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் கைகலந்து வெளியேற்றப்பட்டனர். செல்லும்போது சட்டைகளைக் கழற்றி எறிந்து சென்றனர். பின்னாளில் வேறொரு குறை எழுந்தது. சீட்டு விற்ற பணத்தில் எவ்வளவு தருமத்துக்குச் செல்கின்றது என்பது தெளிவாக அறிவிக்கப்படவில்லை என்று தரும நிலையங்களை மேற்பார்க்கும் ஆணையத்தார் கண்டனர். அதன்பின் 2002ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் சமூகக் கேடயம் என மாறிற்று. தருமத்துக்கென்று பணம் திரட்டுவோர், எந்த நாட்டினராயினும், கணக்கை வெளியில் ஒட்டிவைப்பது நலம்.

இதுவரை கூறியதனால் கோப்பைப் பந்தயத்தை நாம் இழித்துரைப்பதாக எவரும் கொள்ளவேண்டா. அதற்கு ஒரு தனிப்பெருமை உண்டு. லீகின் கதவு அடைபட்டவர்க்கும் கோப்பையின் கதவு சிலபோது திறந்திருக்கும். கல்கத்தாவின் மோகன் பகான் குழுவின் வரலாறே இதற்குச் சான்று. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அக்குழு ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 எனத் தோற்கடித்தது. முதலில் கோல் வாங்கியவர் நம்மவரே. தலைவர் சிவதாஸ் பாதுரி சமன்செய்ய, அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பதினொருவருள் பதின்மர் வெறுங்காலர். காலணி அணிந்து ஆடியவர் ஒருவரே. அவர் கிறிஸ்தவராகிய சுதீர் சாட்டர்ஜி, பின்னாளில் குருவானவர். இத்தகைய கல்லூரி மலரின் பக்கங்களில் அவர் பெயர் நினைக்கப்படுதல் தகும். அக்காலத்தில் கல்கத்தா லீகின் முதற்பிரிவில் இந்தியக் குழுக்களுக்கு இடமில்லை. கோப்பை வென்ற மோகன் பகான் அந்த லீகில் முதலிடம் பெற்றது 1939ஆம் ஆண்டில்தான். ஒரு கோப்பைக்கும் ஒரு லீகுக்கும் இடையே 28 ஆண்டுகள்! இடையில் 1934ஆம் ஆண்டு முதல் 1938ஆம் ஆண்டு வரை ஐந்து ஆண்டுகளும் லீகை வரிசையாக வென்றவர் முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவினர். அவர்கள் 1936ஆம் ஆண்டில் கேடயத்தையும் சேர்த்தே வென்றனர். வரலாற்றில் மோகன் பகானின் ஒரு மாலை நிற்கின்றது. முகமதனாரின் ஐந்து ஆண்டுகளும் நிற்கின்றன. எது பெரிது என்று கேட்பது வீண்வேலை.

தமிழகத்துக்கு அணிமையில் நிகழ்ந்ததொன்றையும் கூறுதல் வேண்டும். 2018-19ஆம் பருவத்தின் ஐ-லீகில் பதினொரு குழுக்கள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். கோயம்புத்தூரைத் தன் ஆடுகளமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி குழு 43 புள்ளிகளும், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளும் பெற்றன. 2019ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள், கடைசி ஆட்டத்தில், சென்னை சிட்டி முதலில் பின்தங்கி, பின்னர் மினெர்வா பஞ்சாபை 3-1 என வென்றிராவிடின் முதலிடம் கைநழுவியிருக்கும். லீகும் ஒரு மாலையில்தானே தீர்ந்தது என்று ஒருவர் தடை எழுப்பலாம். மெய்தான், ஆயின் அம்மாலைக்குப் பின்னால் வேறு பத்தொன்பது ஆட்டங்கள் நின்றன. ஒரு புள்ளி என்பது கடைசி நாளில் வந்ததன்று; எவ்வூரிலோ எந்நாளிலோ விடாமல் ஓடிச் சேர்த்த புள்ளிகளுள் ஒன்று.

அந்த லீக் வாகையர் சில வாரங்களிலேயே புவனேசுவரம் சென்று, அப்போது நாக்அவுட் முறையில் நடத்தப்பட்ட சூப்பர் கோப்பையில் ஆடினர். அரையிறுதியில் கோவா குழு அவர்களைத் தோற்கடித்தது. இறுதியில் சென்னையின் மற்றொரு குழுவாகிய சென்னையின் எப்.சி.யையும் 2-1 என வென்று அதே கோவா கோப்பையைக் கைக்கொண்டது. பெயரளவில் அரையிறுதியாயினும், லீக் வாகையரும் கோப்பை வாகையராகவிருந்தவரும் மோதிய பந்தயம் அது. அதில் தோற்றமையால் சென்னை சிட்டியின் 43 புள்ளிகளில் ஒன்றேனும் குறைந்ததோ? இல்லை. அவை அப்படியே ஏட்டில் உள்ளன.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். நம் பக்கத்தில் சிற்றூர்தோறும் நடைபெறும் பந்தயங்கள் பெரும்பாலும் நாக்அவுட் முறையின. ஒரு நாளிலோ இரு நாளிலோ முடிக்கவேண்டும்; பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு வந்தவை; ஆகவே அம்முறை எளிது. ஆனால் அதனால் விளைவது யாது? முன்பு கூறிய எட்டுக் குழுக்களையே எடுத்துக்கொள்வோம். நான்கு குழுக்கள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும்; இரண்டு குழுக்கள் இரண்டு ஆட்டம் ஆடும்; இரண்டு குழுக்களே மூன்று ஆட்டம் காணும். ஆண்டிமடத்திலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறி வந்த பதினோரு சிறுவர், நுழைவுக் கட்டணமும் கட்டி, ஒரு மணி நேரம் ஆடி, தோற்று, மாலைவரை மர நிழலில் அமர்ந்து பிறர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். அவர்களே மிகுதியாக ஆடிப் பழகவேண்டியவர். வல்லவனுக்கு மேலும் மேலும் ஆட்டம், மெலிந்தவனுக்கு ஆட்டமே இல்லை என்பது பயிற்சியின் முறைக்கு நேர்மாறு. லீகிலோ, கடைசி இடம் பெறும் குழுவும் முதலிடம் பெறும் குழுவும் ஆடும் ஆட்டங்கள் எண்ணிக்கையில் ஒன்றே.

இது புதிதாக நாம் கண்ட குறையன்று. இங்கிலாந்தில் கோப்பைப் பந்தயம் 1871ஆம் ஆண்டில் தோன்றியது. கால்பந்து லீக் தோன்றியது 1888ஆம் ஆண்டில். ஆட்டக்காரர்க்குக் கூலி கொடுத்தல் 1885ஆம் ஆண்டில் சட்டபூர்வமாயிற்று. கோப்பையில் முதலிலேயே தோற்ற குழுக்களுக்கு அதன்பின் உறுதியான ஆட்டங்கள் இல்லை; நட்புப் பந்தயங்களோ கடைசி நேரத்தில் கைவிடப்பட்டன; மக்கள் வாராவிடின் கூலி எங்ஙனம் கொடுப்பது? ஆஸ்டன் வில்லா குழுவைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரகர் இதற்கொரு வழியாகப் பன்னிரண்டு குழுக்களைக் கூட்டி லீகை அமைத்தார். முதற்பருவத்தில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோலாது முதலிடம் பெற்றது. அவ்வாண்டுக் கோப்பையையும் ஒரு கோலும் வாங்காமலே வென்றது. தோற்றவர் ஆட்டமின்றி இருத்தலாகாது என்னும் தேவையே லீகை ஈன்றது என்பதை மறவாதிருப்போமாக.

ஆனால் 28 ஆட்டம் நம்மால் நடத்தவியலுமா என்பர். பெரம்பலூரில் இருப்புப்பாதை இல்லை; அரியலூருக்கு உண்டு. ஆண்டிமடத்திலிருந்து வேப்பந்தட்டைக்குச் சென்று மீள்வதற்குள் நாள் கழிந்துவிடும். மாணவர்க்குப் பாடமும் உண்டு, பலர்க்கு வயல்வேலையும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பெரம்பலூர்க் கரிசலில் காலை வைத்தவன் காலோடு ஒரு படி மண்ணையும் எடுத்துக்கொண்டே நடப்பான். அங்கே பந்து உருளாது. கோடையிலோ அம்மண்ணே பிளந்து கணுக்காலைக் கவ்வும். பங்குனி தொடங்கினால் தேர்வு. ஆகவே ஆடத்தக்க காலம் பொங்கலை ஒட்டிய இரண்டு திங்களே. இத்தடைகள் மெய்யானவை; புறக்கணிக்கத்தக்கனவல்ல.

அவற்றுக்கு உட்பட்டே ஒரு முறை வகுக்கலாம். 1995ஆம் ஆண்டு வரை இவ்விரு பகுதிகளும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டம் தோன்றியது. 2007ஆம் ஆண்டு முதல் அரியலூர் தனி மாவட்டமாக நிற்கின்றது. அரசியலார் வகுத்த அந்த எல்லையை நாம் விளையாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்வோம். மாவட்டத்துக்கு நான்கு குழுவாகத் தனித்தனி லீக் நடத்தினால், ஒவ்வொன்றிலும் ஆறு ஆட்டங்கள், ஆகப் பன்னிரண்டு. எவரும் தம் மாவட்டத்தைக் கடந்து பயணம் செய்யவேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமையில் மாவட்டத்துக்கு இரண்டு ஆட்டமாக மூன்று சனிக்கிழமைகளில் அது முடியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் ஓய்வுக்கும் இருக்கட்டும். நான்காம் சனிக்கிழமை இரு மாவட்ட முதல்வரும் ஆடி லீக் வாகையரைத் துணிவர். அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் எட்டுக் குழுவும் கலந்த கோப்பைப் பந்தயம், ஏழு ஆட்டம். எட்டாம் சனிக்கிழமை லீக் வாகையரும் கோப்பை வாகையரும் மோதும் பந்தயம். ஆக 21 ஆட்டங்கள், எட்டு வாரம். கடைசிக் குழுவுக்கும் நான்கு ஆட்டம் உறுதி. ஒரே குழு இரண்டையும் வெல்லுமாயின், கோப்பையின் இறுதியில் தோற்றவரை எதிரே நிறுத்துவோம். டாட்டன்ஹாமுக்குச் செய்ததுபோல ஏனைய ஏழு குழுக்களிலிருந்தும் பதினொருவரைத் தெரிந்தெடுத்து நிறுத்தினும் நன்று. நமக்கு இப்பின்னதே பிடித்திருக்கின்றது. வென்ற குழு ஒன்றனைத் தோற்ற ஊர்களெல்லாம் கூடி எதிர்க்கும் காட்சியைக் காண எவர்தாம் வரமாட்டார்?

கூட்டம் எட்டாம் சனிக்கிழமைக்கே மிகுதியாக வரும். லீகைக் காண அவ்வளவு பேர் வாரார். அது குறையன்று. பழகுவதற்கு லீக், பண்டிகைக்குக் கோப்பை, தருமத்துக்கு இறுதிப் பந்தயம் என ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. எட்டாம் நாள் சீட்டு விற்றுவரும் பணத்தை ஏழை மாணாக்கரின் படிப்புக்கோ, நோயுற்றோரின் மருந்துக்கோ கொடுத்துவிட்டு, வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதி ஆடுகளத்தின் வாயிலில் மறுநாளே ஒட்டிவிட வேண்டும்.

ஆட்டம் சமமாக முடிந்தால் பெனால்டி உதைகள் வேண்டா. இருட்டும் நேரத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனைத் தனியே நிறுத்தி, இரண்டு மாவட்டத்தின் கண்களும் அவன்மேல் விழ, உதை என்று சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. கேடயம் மாசி முதல் ஆடி வரை ஒரு வாகையரின் ஊரில் இருக்கட்டும். ஆவணி முதல் தை வரை மற்றவரின் ஊரில் இருக்கட்டும். யாரிடம் முதலில் என்பதற்கு நாணயம் சுண்டினால் போதும். ஆவணி பிறந்ததும் அதனைப் பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு, வைத்திருந்த குழுவினருடையது.